கந்தவேல் கொடுத்துவைத்த தாள்கள்

ராமருக்கு ஒரு சேதி கிடைத்தால் அது அவர் வயிற்றில் தங்காது. 2023 மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை, கொடைக்கானல் மேல்மலையிலுள்ள கவுஞ்சி டீக்கடையில் கேட்ட சேதியை வீடு வந்து சேர்வதற்குள் நாலு பேரிடம் சொல்லிவிட்டு, ஐந்தாவது ஆளாகத் தன் மனைவி பாண்டிச்செல்வியிடம் வந்து சொன்னார்.

“ஏ செல்வி, ரெண்டாயிரம் ரூவாத் தாள நிப்பாட்டப் போறாங்களாம். செப்டம்பர் வரைக்கும் பேங்க்ல மாத்திக்கலாமாம். அதுக்குப் பெறகு வெறுங் காயிதந்தான்னு பேசிக்கிறாங்க.”

வாசலில் சாக்கை விரித்து விதைப்பூண்டை உடைத்துக்கொண்டிருந்த பாண்டிச்செல்வியின் கை அப்படியே நின்றது.

“நமக்கென்ன, நம்மகிட்ட எங்கிட்டு இருக்கு?” என்று ராமர் சிரித்தார். “வச்சிருக்கிறவந்தான் இப்ப வயித்தக் கலக்கிட்டுத் திரிவான். கொண்டுபோயி நீட்டுனா, எப்படிய்யா வந்துச்சுன்னு கேப்பாங்கல்ல? பதில் சொல்லத் தெரியாதவன் நேரா உள்ளதான்.”

பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். பாண்டிச்செல்வி எழுந்து வீட்டுக்குள் வந்து அண்ணாந்து பரணைப் பார்த்தாள். அடுப்புப் புகையில் கறுத்துப்போன மரச்சட்டங்களில் பூண்டுக் கட்டுகள் வரிசையாகத் தொங்கின. அவற்றுக்குப் பின்னால், சுவரோரம், பழைய பால்பவுடர் டப்பா ஒன்று இருந்தது. அதற்குள் நாற்பத்தாறு இரண்டாயிரம் ரூபாய்த் தாள்கள். அது அவளைத் தவிர உயிரோடு இருக்கும் யாருக்கும் தெரியாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அவை அவள் தம்பி கந்தவேல் கொடுத்துவைத்த தாள்கள்.

கந்தவேல் அவளுக்குப் பதினோரு வயது இளையவன். அவன் நாலாம் வகுப்புப் படிக்கும்போது அம்மா போய்விட்டாள்; அப்பா அதற்கும் முன்னால். அப்போது பாண்டிச்செல்விக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். தம்பியைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்து வளர்த்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அவனைத் தம்பி என்று சொல்வதா பிள்ளை என்று சொல்வதா என்று ஊரில் கேலி பேசுவார்கள். பதினேழு வயதில் அவன் கொடைக்கானலுக்குப் போய் டூரிஸ்ட் வேன் கழுவும் வேலையில் சேர்ந்தான். பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டான். முப்பது வயதில் சொந்தமாக ஒரு பழைய ஆம்னி வேன் வாங்கி, அங்கேயே நாயுடுபுரத்தில் ஒரு அறை எடுத்துத் தனியாகத் தங்கினான். பொண்ணு பார்க்கட்டுமா என்று அக்கா கேட்டால், “சீசன் முடியட்டும்க்கா” என்பான். ஒவ்வொரு சீசனும் முடிந்துகொண்டுதான் இருந்தது.

கொரோனா இரண்டாவது தடவை வந்த வருஷம், மே மாத ஆரம்பத்தில், சொல்லாமல் கொள்ளாமல் பஸ்ஸில் வந்து இறங்கினான். ராமர் அப்போது தோட்டத்தில் இருந்தார். கந்தவேல் டீ கூடக் குடிக்கவில்லை. ஜெர்கினுக்குள்ளிருந்து ஒரு பாலித்தீன் பொட்டலத்தை எடுத்து அக்காவின் மடியில் வைத்தான்.

“யக்கா, இத வச்சிரு. மச்சானுக்குக் கூடச் சொல்லாத. அவரு ஊருக்கே சொல்லிருவாரு. யார் வந்து கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிரு.”

“என்னடா இது? யாரு வந்து கேப்பா?”

“யார் வந்து கேட்டாலும்க்கா. யாரா இருந்தாலும்.”

அவன் கண்ணைப் பார்க்காமல் சொன்னான். அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டான். அதற்கு முந்தின மாதங்களில் கொடைக்கானலில் போதைக்காளான் விற்றவர்களைப் பிடிக்கிறார்கள், அதில் டிரைவர்களும் உண்டு என்று ராமர் டீக்கடையிலிருந்து கொண்டுவந்த பேச்சு அவள் காதில் இருந்தது. பொட்டலத்தைப் பிரித்ததும் ரோஸ் நிறத் தாள்கள். ஒரே ஒரு தடவை எண்ணினாள். சுற்றுலாவே இல்லாமல் வண்டிகள் எல்லாம் நின்றுகிடந்த காலத்தில் தொண்ணூற்றிரண்டாயிரம் ரூபாய் ஒரு டிரைவர் கைக்கு எப்படி வரும்? அந்தக் கேள்வி அவள் நெஞ்சில் முள்ளாக ஏறியது.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. “யக்கா, அதுல பத்துத் தாளு எனக்கு அவசரமா வேணும். யார்கிட்டயாவது குடுத்துவிடு.”

“பஸ்ஸே ஓடலையேடா. யார்கிட்ட நம்பிக் குடுக்க? ரெண்டு நாள் பொறு, மச்சானப் பால்வண்டில அனுப்புறேன்.”

“வேண்டாம், விடுக்கா” என்று வைத்துவிட்டான்.

அதற்கு அடுத்த வாரம் காய்ச்சல். திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனார்கள் என்றார்கள். ஐந்தாவது நாள் இல்லை என்றார்கள். ராமர் மட்டும் போய்த் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார். பாண்டிச்செல்விக்குத் தம்பியின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைக்கவில்லை. அந்தப் பத்துத் தாளை வைத்தியத்துக்குத்தான் கேட்டானோ என்ற கேள்வி அன்றிலிருந்து அவளை விடவே இல்லை.

அப்புறம் இரண்டு வருஷம் அவள் அந்த டப்பாவைத் தொடவில்லை. தொடாமலும் இருக்க முடியவில்லை. எலி கடித்துவிடுமோ என்று ஒரு பயம்; ராமர் பூண்டு இறக்கும்போது கண்டுவிடுவாரோ என்று ஒரு பயம்; எல்லாவற்றுக்கும் மேலே, யாரோ ஒருவன் ஒருநாள் வந்து வாசலில் நின்று, “கந்தவேல் குடுத்தது எங்க?” என்று கேட்பான் என்ற பயம். பஸ்ஸிலிருந்து புது ஆள் யாராவது இறங்கினால், அவன் எந்த வீட்டுக்குப் போகிறான் என்று பார்த்துக்கொண்டே நிற்பாள்.

இப்போது அந்தத் தாளுக்கே கெடு வைத்துவிட்டார்கள்.

முதலில் ஒருவிதமான நிம்மதி கூட வந்தது. பேசாமல் இருந்துவிடுவோம், செப்டம்பர் வந்தால் தானாகச் செத்துப்போகும், செத்த பணத்தை யார் வந்து கேட்கப்போகிறான் என்று நினைத்தாள். அந்த நிம்மதி நாலு நாள் தாங்கவில்லை. வெள்ளனே எழுந்து தோட்டங்களில் கொத்துவேலைக்குப் போய், பனியில் விரல் விறைக்கக் களை எடுத்து, சாயங்காலம் நானூறு ரூபாய் வாங்கும்போது டப்பா ஞாபகம் வரும். எப்படி வந்த காசாக இருந்தாலும் தம்பி அதைத் தன்னை நம்பித்தானே கொடுத்தான், அது காகிதமாகப் போகவா கொடுத்தான் என்று மனம் எதிர்ப்பக்கம் சாயும்.

ஜூலை மாதம் துணிந்து ஒரு தாளை மட்டும் எடுத்து ரவிக்கைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கென்று கொடைக்கானலுக்கு பஸ் ஏறினாள். பூம்பாறை தாண்டுவதற்குள் அதை நாலு தடவை தொட்டுப் பார்த்துவிட்டாள். டவுனுக்குள் மூஞ்சிக்கல்லில் ஒரு மளிகைக் கடையில் எண்ணெய், பருப்பு, சீனி என்று எழுநூறு ரூபாய்க்குச் சாமான் கட்டச் சொல்லி, தாளை நீட்டினாள்.

கடைக்காரர் அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“என்னம்மா, எல்லாரும் மாத்தி முடிச்சிட்டாங்க. இன்னும் எத்தன பதுக்கி வச்சிருக்க?”

வேடிக்கையாகத்தான் கேட்டார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரிக்கவும் செய்தார்கள். ஆனால் பாண்டிச்செல்விக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. “இல்லங்க… இது… கூலிக்குக் குடுத்தது” என்று உளறி, அவர் கையிலிருந்து தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, கட்டிய சாமானை அங்கேயே விட்டுவிட்டு நடந்தாள். பின்னால் அவர், “ஏம்மா, வாங்கிக்கிறேம்மா, ஏம்மா ஓடுற?” என்று கூப்பிட்டது, விரட்டிக்கொண்டு வருவது போல அவளுக்குக் கேட்டது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. வெறுங்கையோடு வந்தவளைப் பார்த்து ராமர், “சந்தையில ஒண்ணுமே இல்லையா?” என்றார். “எல்லாம் வெல” என்றாள்.

ஆகஸ்டில், அவள் இரண்டு வருஷமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஆள் வந்துவிட்டான்.

அன்று அவள் மேல்காட்டில் பீன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். மதியம் வீட்டுக்கு வந்தபோது ராமர் உற்சாகமாக இருந்தார். “செல்வி, நம்ம கந்தவேலத் தேடி ஒரு ஆளு வந்தாரு. வத்தலக்குண்டாம். பூம்பாறையில விசாரிச்சு, மன்னவனூர்ல விசாரிச்சு, இங்க வந்து சேந்திருக்காரு. கந்தவேலோட அக்காவத்தான் பாக்கணுமாம்.”

“என்ன சோலியாம்?”

“அத ஒங்கிட்டத்தான் சொல்லணும்னாரு. டீ வாங்கிக் குடுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாரு. வெள்ளிக்கெழம வாராராம்.”

“எப்படி இருந்தாரு?”

“நல்ல ஆளாத்தான் தெரிஞ்சாரு. காக்கிச் சட்ட போட்டிருந்தாரு.”

பாண்டிச்செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெயிலில் நின்றது என்று சொல்லிச் சமாளித்தாள். காக்கிச் சட்டை என்ற சொல் மட்டும் தலைக்குள் சுற்றியது. போலீசாக இருந்தால் டப்பாவைக் கண்டுபிடிப்பார்கள். போலீஸ் இல்லாவிட்டால் அதைவிட மோசமானவர்கள். ஒன்றும் அறியாத ராமரையும் சேர்த்துத்தான் இழுத்துப்போவார்கள்.

வியாழக்கிழமை காலை ராமர் தோட்டத்துக்குப் போனதும் கதவைச் சாத்தித் தாழ்போட்டாள். பரணில் ஏறி டப்பாவை இறக்கினாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கையில் இல்லாவிட்டால் கேள்வியும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு தாளை உருவி நெருப்பில் போட்டாள். அது ஒரு நொடி அசையாமல் கிடந்தது. பிறகு ஓரம் சுருண்டு, பச்சையாய் ஒரு சிறு சுடர் எழுந்து, தாள் உள்ளங்கை மூடுவது போல மூடிக்கொண்டது. ஐந்து நாள் கூலி. இரண்டாவது தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அப்படியே இருந்தாள். நெருப்பில் போவது காசாகத் தெரியவில்லை. தம்பியின் உடம்பை எரித்தபோது தான் பக்கத்தில் இல்லையே, இப்போது தன் கையாலேயே வைக்கிறோமே என்று தோன்றிவிட்டது. அவளுக்கு ஓவென்று அழுகை வந்தது. மீதி நாற்பத்தைந்தையும் டப்பாவில் அடைத்து, பழையபடி பரணில் வைத்துவிட்டுத்தான் கதவைத் திறந்தாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி பஸ்ஸில் அந்த ஆள் வந்தார். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. போலீஸின் காக்கி அல்ல அது, ஆட்டோ டிரைவரின் காக்கி என்று கிட்டத்தில் பார்த்ததும் தெரிந்தது.

“அக்கா, எம் பேரு முருகானந்தம். வத்தலக்குண்டுல ஆட்டோ ஓட்டுனேன். கந்தவேலு எனக்குப் பழக்கம்.”

“எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா” என்றாள் பாண்டிச்செல்வி. அவர் இன்னும் எதையுமே கேட்டிருக்கவில்லை. ராமர் அவளை விநோதமாகப் பார்த்தார்.

“கேளுங்கக்கா. அவரு ஆம்னியை எனக்குத்தான் வித்தாரு. பேரு மாத்துறதுக்குள்ள அவரு போயிட்டாரு. அவரு போட்டுக் குடுத்த கையெழுத்து இப்பச் செல்லாதுங்குறாங்க. வாரிசு வந்து கையெழுத்துப் போடணுமாம். மேல்மலையில ஒரு அக்கா இருக்காங்கன்னு மட்டுந்தான் சொல்லியிருந்தாரு, ஊரு பேரு சொல்லல. அதான் இவ்வளவு நாளாச்சு.”

“வித்தானா? எவ்வளவுக்கு?” ராமர்தான் கேட்டார்.

“தொண்ணூத்திரெண்டு. எங்க மாமனாரு தோப்பு வித்த காசு, எல்லாமே ரெண்டாயிரமா இருந்துச்சு. நாப்பத்தாறு தாளு, எண்ணிக் குடுத்தேன்.”

பாண்டிச்செல்வி யாரிடமும் சொல்லாத எண்ணை, ஒரு அந்நிய மனிதர் அவள் வீட்டு வாசலில் நின்று சர்வ சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“வண்டிய ஏன்ப்பா வித்தான்?” என்றாள்.

முருகானந்தம் ராமரை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். “போன்ல ரம்மி ஆடுவாருக்கா. வண்டி ஓடாம ரூம்லயே கெடந்தப்ப ரொம்ப ஆயிருச்சு. கையில இருந்ததெல்லாம் போச்சு. வித்த காசும் போயிருமோன்னு அவருக்கே பயம். ‘எங்கக்காகிட்டக் குடுத்து வச்சிர்றேன், நானே போயிக் கேட்டாலும் குடுக்காத மாதிரிச் சொல்லிட்டு வாரேன்’னாரு.”

யாரா இருந்தாலும் என்று அவன் சொன்னது தன்னையே சேர்த்துத்தானா? காளானும் இல்லை, யாரும் துரத்தவும் இல்லை. அவன் பயந்தது அவனுக்கே. அவள் அதைப் புரிந்துகொள்ள வெகுநேரம் ஆனது. பிறகு, யாரிடமும் கேட்க முடியாமல் இருந்ததைக் கேட்டாள்.

“எனக்குப் போன் போட்டான்ப்பா. பத்துத் தாளு கேட்டான். நான் குடுத்துவிடல. அது வைத்தியத்துக்கா?”

“இல்லக்கா.” அவர் உடனே சொன்னார். “அப்ப நான் அவரு ரூம்லதான் இருந்தேன். காய்ச்சல் ஒண்ணும் இல்ல. ஆடத்தான் கேட்டாரு. போன வச்சிட்டு, ‘எங்கக்கா குடுக்கல, நல்லதாப் போச்சு’ன்னு சிரிச்சாரு.”

பாண்டிச்செல்வி அவர் முகத்தையே பார்த்தாள். உண்மையைச் சொல்கிறாரா, தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் உறையிலிருந்து காகிதங்களை எடுப்பதில் மும்முரமாக இருந்தார்.

அவர் போன பிறகு அவள் டப்பாவை இறக்கி ராமர் முன்னால் வைத்தாள். ராமர் தாள்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தாள்.

“ரெண்டு வருசமா இத எந்தலைக்கு மேல வச்சிக்கிட்டுத்தான் எனக்குச் சோறு போட்டியா?” என்று மட்டும் கேட்டார். பிறகு எண்ணிப் பார்த்துவிட்டு, “நாப்பத்தஞ்சுதான இருக்கு?” என்றார். ஒன்றை எரித்ததைச் சொன்னாள். அதற்குத்தான் கோபம் வந்தது அவருக்கு. “எரிச்சியா? கிறுக்கு முண்ட, ரெண்டாயிரத்த எரிப்பியா?” என்று அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் கொடைக்கானல் பேங்குக்குப் போனார்கள். ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்குப் பத்துத் தாள் மாற்றலாம் என்றார்கள். வரிசை நகர நகர அவள் வாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ராமர் முந்தானையைப் பிடித்து இழுத்து, “நில்லு, ஓடிராத” என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சின்னப் பெண் தாள்களை மெஷினில் போட்டாள், மெஷின் படபடத்தது, ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் திரும்பி வந்தன. யாரும் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்த பாண்டிச்செல்விக்கு, இவ்வளவுதானா என்பதை நம்பவே முடியவில்லை. இவ்வளவுக்கா இரண்டு வருஷம் செத்துச் செத்துப் பிழைத்தோம் என்று அவமானமாகக் கூட இருந்தது. மூன்று நடையில் எல்லாவற்றையும் மாற்றி முடித்தார்கள்.

ஊருக்கே தெரிந்துவிட்டது, சொன்னது யார் என்று கேட்க வேண்டியதில்லை. கைமாற்றுக் கேட்டு மூன்று பேர் வந்தார்கள். பாண்டிச்செல்விக்குப் புதிதாக ஒரு கலக்கம் பிடித்தது. “வெரசா இதச் செலவழிச்சிரணும்ங்க. கையில காசு இருந்தா எனக்கு மூச்சு முட்டுது” என்றாள். முந்தின மாதம் காட்டுமாடு புகுந்து முட்டைக்கோசை மிதித்து நாசமாக்கியிருந்தது. அந்தக் காசுக்கு மேல்காட்டைச் சுற்றி சோலார் வேலி போட்டார்கள். கம்பி இழுக்க வந்தவர்களுக்கு அவள் மூன்று நாளும் கோழி அடித்துச் சாப்பாடு போட்டாள்.

வண்டிப் பெயர் மாற்றக் கையெழுத்துப் போட அக்டோபரில் வத்தலக்குண்டுக்கு இறங்கினார்கள். முருகானந்தம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் ஆம்னியோடு நின்றார். நிறம் மாற்றியிருந்தார், கண்ணாடியில் தன் மகள் தமிழ்மதியின் பெயரை எழுதியிருந்தார். பாண்டிச்செல்வி நாலு இடத்தில் நிதானமாகத் தன் பெயரை எழுதினாள். முடிந்ததும் அவர் வண்டியின் முன்கதவைத் திறந்துவிட்டார்.

“ஏறுங்கக்கா. மேல வரைக்கும் கொண்டுவந்து விட்டுர்றேன்.”

அவள் ஸ்டியரிங்கைப் பார்த்தாள். பிறகு கதவை அவளே மெதுவாகச் சாத்தினாள். “பஸ் இருக்குப்பா. நீ வண்டியப் பாத்து ஓட்டு.”

“சும்மா கூட்டிட்டுப் போறேங்குறாரு, வேண்டாம்ங்குறா” என்று முனகிக்கொண்டே ராமர் பஸ்ஸில் ஏறினார். முதல் கொண்டை ஊசி வளைவு வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரரிடம் நாற்பத்தாறு தாளின் கதையைத் தொடங்கிவிட்டார். எரித்த தாளின் இடம் வந்தபோது குரலை உயர்த்தினார். பாண்டிச்செல்வி தடுக்கவில்லை. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தாள். கொடைக்கானலில் கவுஞ்சி பஸ்ஸுக்கு மாறி உட்கார்ந்ததும் உறங்கிவிட்டாள். பூம்பாறை வந்தது, மன்னவனூர் வந்தது, ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். யார் ஏறினார்கள், என்ன சட்டை போட்டிருந்தார்கள் என்று அவள் பார்க்கவில்லை. கவுஞ்சியில் கண்டக்டர் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.